எடப்பாடி எங்கே இருக்கிறது?

2017 பிப்ரவரிக்குப் பிறகு எடப்பாடி என்றால் தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஓர் ஆளைத்தான் நினைக்கிறார்கள். 'எடப்பாடி பேசினார்', 'எடப்பாடி புறப்பட்டார்' என்று தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது, சரபங்கா ஆற்றையொட்டி விசைத்தறிச் சத்தத்தோடு ஒரு நகராட்சி இருப்பது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. அந்த மாதம் முதலமைச்சரான ஒருவரால் ஊரின் பெயர் பரவியது. ஊர் இருக்கும் இடம் அவ்வளவாகப் பரவவில்லை. கேட்டுப் பார்த்தால் சேலத்துக்கு மேற்கே என்பார்கள், மேட்டூர் பக்கம் என்பார்கள், ஈரோட்டுக்காரர்கள் பவானியைத் தாண்டி என்பார்கள். மூன்றும் சரிதான். ஆனால் மூன்றுமே வேறோர் ஊரைச் சொல்லித்தான் எடப்பாடியைச் சொல்கின்றன.

புவியியல் என்றதும் தலைநகரங்களையும் நதிகளையும் மனப்பாடம் செய்த ஆறாம் வகுப்புதான் நமக்கு நினைவுக்கு வரும். அந்தக் குறையைப் போக்க 1984இல் அமெரிக்கப் புவியியல் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் கூடி ஐந்து கருத்துகளை முன்வைத்தார்கள்: அமைவிடம், இடத்தின் தன்மை, மனிதரும் சூழலும், நகர்வு, வட்டாரம். உலகெங்கும் பாடநூல்கள் இவற்றை ஐந்து தனித்தனிப் பெட்டிகளாக அடுக்கி வைத்தன. நிலத்தில் கால் வைத்தால் அந்தப் பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். அதைப் பார்க்க எடப்பாடியைப் போல வசதியான ஊர் கிடைப்பது அரிது.

முதலில் அமைவிடம். கைப்பேசியில் தேடினால் சுமார் 11.58 பாகை வடக்கு, 77.85 பாகை கிழக்கு என்று வரும். வெறும் எண்கள்தான். ஆனால் ஊரின் வெயிலும் நிழலும் அந்த எண்களுக்குக் கட்டுப்பட்டவை. ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22, 23ஐ ஒட்டியும் எடப்பாடியில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று நட்டுவைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. அதே நாள் உச்சிவேளையில் டெல்லியில் ஒரு மீட்டர் குச்சி ஏறக்குறைய 30 செ.மீ. நிழலைக் காட்டும். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனீஸ் இந்த நிழல் வேறுபாட்டை வைத்துத்தான் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார்.

சரி, எடப்பாடியின் உச்சிவேளை எத்தனை மணிக்கு? பன்னிரண்டுக்கு அல்ல. இந்திய நேரம் உத்தரப்பிரதேசத்து மிர்சாபூர் பக்கமாகச் செல்லும் 82.5 பாகைக் கோட்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அதற்கும் எடப்பாடிக்கும் இடையே நாலரைப் பாகைக்குச் சற்று மேல் இடைவெளி. பாகைக்கு 4 நிமிடம். ஆக இங்கே சூரியன் சராசரியாக 18, 19 நிமிடம் தாமதித்து உச்சிக்கு வருகிறது. நவம்பர் தொடக்கத்தில் 12:02 அளவிலும், பிப்ரவரி மத்தியில் 12:33 அளவிலும் என்று ஆண்டுக்குள்ளேயே அது முன்னும் பின்னும் ஆடும். ஊரின் நண்பகல் ஊருக்குச் சொந்தமில்லை, உத்தரப்பிரதேசத்திலிருந்து வருகிறது.

இன்னொரு கோடு இதைவிட அருகில் இருக்கிறது. கொங்கணாபுரத்தைத் தாண்டி, எடப்பாடிக்குக் கிழக்கே நேர்தூரம் 16 கி.மீ. அளவில் 78ஆம் பாகைத் தீர்க்கக்கோடு செல்கிறது. இந்தியாவை அளக்க வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு போட்டுத் தொடங்கிய முக்கோண அளவைக்கு முதுகெலும்பாக அமைந்தது இந்தக் கோடுதான். குமரிமுனையிலிருந்து இமயம்வரை, மலை உச்சியிலிருந்து மலை உச்சிக்குக் கோணம் பார்த்தபடி, அரை டன் எடையுள்ள கருவியை இழுத்துக்கொண்டு போனார்கள். 1823இல் லாம்டன் வழியிலேயே இறந்தார். ஜார்ஜ் எவரெஸ்ட் வேலையைத் தொடர்ந்தார். அதன் சுவடு இந்திய அளவைத் துறையின் வரைபடங்களில் இன்றும் உண்டு. பழைய வரிசையில் எடப்பாடி 58-ஈ/14 என்ற தாளில் வரும். சேலம் 58-ஐ/2இல் வரும். தாளுக்குத் தாள் எல்லை போட்டிருப்பது அதே 78. எடப்பாடியிலிருந்து சேலத்துக்குப் பஸ் ஏறுகிறவர் பாதி வழியில் தாள் மாறுகிறார்.

எண்கள் இதுவரை. ஓர் ஊர் ஏன் அங்கே இருக்கிறது, ஏன் வளர்ந்தது என்பதற்கு எண்கள் உதவாது. அதற்கு ஊர் நிற்கும் தரையைப் பார்க்க வேண்டும்; அதைச் சுற்றி என்ன போகிறது என்றும் பார்க்க வேண்டும். பக்கத்துச் சங்ககிரி இதற்கு நல்ல உதாரணம். அங்கே தனித்து எழுந்து நிற்கும் பாறைமலை கோட்டைக்குத் தோதான இடம். 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டது அந்தக் கோட்டையில்தான். பீரங்கிக் காலம் போனதும் மலையின் மதிப்பு குறைந்தது. ஆனால் மலையடிவாரத்தில் ரயில் வந்தது, சேலம் கொச்சி நெடுஞ்சாலை வந்தது. கோட்டை ஊர் லாரி ஊரானது. தரை அப்படியேதான் இருந்தது. அதைக் கடந்து போகிறவர்கள் மாறினார்கள். எடப்பாடிக்கோ இன்றுவரை ரயில் நிலையம் இல்லை. நூலும் துணியும் லாரியில்தான் வரும், போகும்.

இனி இந்தப் பகுதியின் மிகப் பெரிய புவியியல் புதிருக்கு வரலாம்.

1970இல் வால்டோ டோப்ளர் என்ற அமெரிக்கர், டெட்ராய்ட் நகரின் வளர்ச்சியைக் கணினியில் படமாக ஓடவிட்டு எழுதிய கட்டுரையில் ஒரு விதியைச் சொன்னார்: உலகில் எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் தொடர்பு உண்டு, ஆனால் தொலைவில் உள்ளவற்றைவிட அருகில் உள்ளவற்றுக்கே தொடர்பு அதிகம். புவியியலின் முதல் விதி என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. மண்வளத்தைக் கணிக்கிறவரும் நிலத்தின் விலையைக் கணிக்கிறவரும் இதை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் எடப்பாடி வட்டாரத்து விவசாயியிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார். மேட்டூர் அணை அவருக்குப் பக்கத்து அணை. பஸ்ஸில் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். 1934இல் கட்டி முடிந்த அந்த அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அந்த நீர் முதலில் போய்ச் சேர்ந்தது சுமார் 200 கி.மீ. தள்ளியிருக்கும் தஞ்சை மண்ணுக்கு. ஜூன் 12 அன்று அணை திறந்தால் டெல்டாவில் குறுவை தொடங்கும். அணைக்கு அருகே மேச்சேரியிலும் நங்கவள்ளியிலும் தாரமங்கலத்திலும் ஏரிகள் காய்ந்து கிடக்கும்.

காரணம் சரிவு. அணை நிரம்பி நிற்கும்போது நீர்மட்டம் கடலுக்கு மேல் 790 அடி. டெல்டா வெகு தொலைவு, ஆனால் பள்ளம். சேலத்து மேட்டாங்காடு கூப்பிடு தூரம், ஆனால் மேடு. நீருக்குக் கிலோமீட்டர் கணக்குப் புரியாது, அடிக்கணக்கு மட்டும்தான் புரியும். 1955இல் அணையின் இரு கரைகளிலும் பாசனக் கால்வாய் வந்தது; கிழக்குக் கரையில் 27,000 ஏக்கர், மேற்குக் கரையில் 18,000 ஏக்கர் பயன்பெற்றன. பூலாம்பட்டி, தேவூர் பக்கம் போனால் அதன் விளைவைக் கண்ணாலேயே பார்க்கலாம். கால்வாயின் கீழ்ப்புறம் நெல்லும் கரும்புமாகப் பச்சை. கால்வாயைத் தாண்டி மேலே ஏறினால் நிலக்கடலை, பருத்தி, குச்சிக்கிழங்கு, கரட்டோரத்தில் வெள்ளாடு. திணை வகுத்தவர்கள் இங்கே வந்திருந்தால் ஒரே ஊரின் எல்லைக்குள் முல்லையையும் மருதத்தையும் பிரித்துவைக்க ஒரு பொதுப்பணித்துறைக் கால்வாய் போதும் என்று கண்டிருப்பார்கள்.

மேட்டுக்கு நீர் வர வேண்டுமானால் மோட்டார் வேண்டும். 2020இல் அடிக்கல் நாட்டப்பட்ட மேட்டூர் சரபங்கா நீரேற்றுத் திட்டம் அதைத்தான் செய்ய முயல்கிறது. 565 கோடி ரூபாய் மதிப்பீடு. அணை நிரம்பி வழியும் காலத்து உபரிநீரைத் திப்பம்பட்டியில் இறைத்து எம்.காளிப்பட்டி ஏரிக்கு ஏற்றி, அங்கிருந்து 100 ஏரிகளுக்குக் கொண்டுபோவது ஏற்பாடு. முதல் கட்டம் 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. டெல்டா விவசாயிகள் எதிர்த்தார்கள். மேட்டூர் நீரில் தங்கள் பங்கு போகும் என்பது அவர்கள் அச்சம். 200 கி.மீ. தள்ளி இருப்பவர்களுக்குத்தான் இந்த அணையில் பழைய உரிமை என்பதால், அந்தக் கோபத்தை வெறும் அரசியல் என்று தள்ளிவிட முடியாது.

அணை நிரம்புவதே உள்ளூர் மழையால் அல்ல. எடப்பாடியில் புழுதி பறக்கும் ஜூலையில்தான் குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2024 ஜூலை 30 மாலை மேட்டூர் தன் வரலாற்றில் 43ஆவது முறையாக 120 அடியை எட்டியது. அதே நாள் விடியற்காலையில் வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் நிலச்சரிவு அழித்திருந்தது. பொழிந்தது ஒரே பருவமழைதான். சரிவு நிகழ்ந்த மலைப்பக்கத்து நீர் சாலியாற்றில் விழுந்து அரபிக்கடலுக்குப் போகிறது. அதே மாவட்டத்தின் பெரும்பகுதியில் விழும் மழை கபினியாகி, காவிரியில் கலந்து, மேட்டூருக்கு வருகிறது. ஒரு முகட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் கணக்கு. நீர்ப்பிடிப்புப் பகுதி என்று புவியியலாளர்கள் சொல்வது இதைத்தான். அந்தக் கணக்கில் எடப்பாடிக்கு ஏற்காட்டைப் போலவே குடகின் மடிகேரியும் அக்கம்பக்கம்.

பூலாம்பட்டியில் இந்த நீர் வேறொரு வேலையும் செய்கிறது. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் கட்டி, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் திறனுள்ள மின்நிலையம் வைத்திருக்கிறார்கள். கதவணை தேக்கும் நீரில் ஆறு ஏரிபோல அகன்று நிற்க, பூலாம்பட்டிக்கும் எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே விசைப்படகு ஓடுகிறது. இருசக்கர வாகனத்தையே படகில் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. இக்கரை சேலம் மாவட்டம், அக்கரை ஈரோடு. மேட்டூரில் வெள்ள நீரைத் திறந்துவிட்டால் படகை நிறுத்திவிடுவார்கள். அன்று அக்கரை பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். தூரம் என்பது நிலையான அளவு அல்ல, செலவும் நேரமும் சேர்ந்தது என்று புவியியல் வகுப்பில் அரைமணி நேரம் சொல்வதைப் படகுத்துறையில் ஒரு அறிவிப்புப் பலகை சொல்லிவிடுகிறது.

சுற்றுலாக்காரர்கள் பூலாம்பட்டியைக் 'குட்டி கேரளா' என்கிறார்கள். நீர், தென்னை, மலை, படகு எல்லாம் இருக்கிறதே. ஆனால் அந்தக் காட்சியின் பாதி மின்வாரியத்தின் கைவேலை. இப்படி ஓர் இடத்துக்கு மனிதர்கள் ஏற்றிவைக்கும் எண்ணத்தையும் சேர்த்துத்தான் 'இடத்தின் தன்மை' என்கிறார்கள். அந்தத் தன்மை ஊருக்குள்ளிருந்தே முளைத்தது என்ற எண்ணத்தைப் பிரிட்டிஷ் புவியியலாளர் டோரீன் மாஸி 1991இல் எழுதிய ஒரு கட்டுரையில் அசைத்துப் பார்த்தார். லண்டனின் கில்பர்ன் கடைத்தெருவில் நடந்து, அங்குள்ள ஒவ்வொரு கடையும் சுவரொட்டியும் எந்தெந்த நாட்டோடு பேசுகின்றன என்று காட்டினார். ஓர் இடம் என்பது எல்லை போட்ட துண்டு நிலமல்ல, பல வழிகள் சந்திக்கும் முடிச்சு என்பது அவர் கட்சி.

எடப்பாடித் தறிப்பட்டறை அவர் கட்சிக்கு நல்ல சாட்சி. குழித்தறியில் நெய்த இடத்தில் இப்போது விசைத்தறி. தறி மட்டும் இருந்தால் துணி வராது: நூலுக்குச் சாயம் போட ஒருவர், கஞ்சி போட்டுப் பாவு ஓட்ட ஒருவர், தார் சுற்ற வீட்டில் ஒருவர், உடைந்த பாகத்தை அன்றைக்கே கடைந்து கொடுக்க ஒரு லேத், நூலைக் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்லும் முதலாளி. இவர்கள் எல்லாரும் நடை தூரத்தில் இருந்தால் புதிதாக ஒருவர் இரண்டு தறி போட்டுப் பிழைக்கலாம். ஐம்பது கி.மீ. தள்ளி, தறியே இல்லாத ஊரில் போட்டால், வாடகை குறைவாக இருந்தாலும் பிழைப்பது கடினம். ஒரே தொழில் ஒரே இடத்தில் குவிவதன் இந்த ஆதாயத்தை இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890லேயே எழுதிவைத்தார். ஜலகண்டாபுரம், இளம்பிள்ளை, குமாரபாளையம், பள்ளிபாளையம் என்று இந்தச் சமவெளி முழுவதும் தறி ஊர்கள் கொத்தாகக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இங்கே டோப்ளர் ஜெயிக்கிறார்.

மனிதரும் சூழலும் என்ற மூன்றாவது கருத்துக்குப் பாடநூல்கள் காட்டை வெட்டுவதையும் அணை கட்டுவதையும் உதாரணம் காட்டும். திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகளை இன்னும் எந்தப் பாடநூலும் சேர்க்கவில்லை என்றால் அது பாடநூலின் நஷ்டம். சேலம், நாமக்கல் சமவெளியின் அடியில் இருப்பது கடினப்பாறை. மேலே சிதைந்து இளகிய அடுக்கு சில பத்து அடிகள்தான். அதற்குக் கீழே நீர் நிற்பது பாறை வெடிப்புகளில் மட்டும். கிணறு வற்றியபின் துளை போட்டார்கள். துளை வற்றியபின் இன்னும் ஆழம் போனார்கள். கொங்குப் பகுதியில் ஆயிரம் அடி போர் இன்று யாரையும் வியக்கவைப்பதில்லை. இந்தப் பாறையோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்ட தொழில், லாரியில் ஏற்றிய துளையிடும் எந்திரமாகத் திருச்செங்கோட்டிலிருந்து இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போனது. எந்திரத்தை ஏற்றும் லாரிக்கு வேறு ஊர் தேட வேண்டியதில்லை. பக்கத்திலேயே லாரி கட்டும் நாமக்கல். வறண்ட பாறை ஒரு ஏற்றுமதித் தொழிலாயிற்று. ஆனால் சூழல்தான் தொழிலை விதிக்கிறது என்று இதிலிருந்து முடிவுகட்டினால் தவறு. இதே வகைப் பாறை தக்காணத்தில் ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு அடியில் கிடக்கிறது. அங்கெல்லாம் திருச்செங்கோடு முளைக்கவில்லையே.

நகர்வுக்கு எடப்பாடி ஒரு பழைய உதாரணத்தை வைத்திருக்கிறது. தைப்பூசம் முடிந்து கூட்டம் கலைந்தபிறகு எடப்பாடிப் பருவதராஜகுலத்தார் காவடியோடு பழனிக்கு நடக்கிறார்கள். நேர்கோட்டில் பார்த்தாலே சுமார் 130 கி.மீ. பழனி மலைமேல் இரவு தங்கும் உரிமை அவர்களுக்குத்தான் உண்டு. அங்கேயே பஞ்சாமிர்தம் தயாரித்துப் படைக்கிறார்கள். முன்னூறு ஆண்டுகளுக்கும் மேலான வழக்கம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. வரைபடத்தில் எடப்பாடிக்கும் பழனிக்கும் இடையே நேர்ச்சாலைகூடக் கிடையாது. ஆனால் எடப்பாடியில் வளரும் ஒரு பிள்ளைக்குப் பழனியைப் பக்கத்தில் கொண்டுவருவது இந்த நடை.

வாரச் சந்தையும் நகர்வுதான். ஜெர்மானியரான வால்டர் கிறிஸ்டாலர் 1933இல், ஊர்கள் ஏன் ஒன்றுக்கொன்று ஓர் இடைவெளி விட்டு அமைகின்றன என்பதற்கு விளக்கம் சொன்னார்: ஒரு பொருளை வாங்க மக்கள் எவ்வளவு தூரம் வருவார்கள், அதை விற்றுப் பிழைக்க எத்தனை பேர் வர வேண்டும் என்ற இரண்டு அளவுகள் போதும். உப்புக்குத் தெருமுனை, நகைக்குச் சேலம். ஆட்டுக்கு? தினமும் ஆடு வாங்குகிறவர்கள் ஒரு ஊரில் போதாது. ஆகவே நாளைக் குறுக்கி, தூரத்தைப் பெருக்கி, கொங்கணாபுரத்தில் சனிக்கிழமை மட்டும் கூடுகிறார்கள். அந்த ஆட்டுச் சந்தைக்குப் பண்டிகை வாரங்களில் வந்து பார்த்தால் கிறிஸ்டாலரின் அறுகோணங்கள் சத்தத்தோடும் வாசனையோடும் புரியும்.

கடைசியாக வட்டாரம். இதில்தான் புள்ளிவிவரங்கள் ஆளை ஏமாற்றும். சேலம் மாவட்டத்தின் சராசரி மழை என்று ஒரு எண் இருக்கும். 1,600 மீட்டருக்கு மேல் உயரும் சேர்வராயன் மலையில் ஏற்காட்டுக்கு விழும் மழையையும் சமவெளியில் எடப்பாடிக்கு விழும் மழையையும் கலந்து வந்த எண் அது. அந்த மழை எங்கேயும் பெய்வதில்லை. மாவட்டமும் நிலையானதல்ல: 1965இல் தருமபுரி பிரிந்தது, 1997 ஜனவரியில் நாமக்கல் பிரிந்தது. 1991, 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் சேலம் மாவட்டத்தை அப்படியே ஒப்பிடுகிறவருக்கு, பத்தாண்டில் மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டதுபோலத் தோன்றும். போனது கோடுதான்.

கொங்கு நாடு என்ற வட்டாரம் வேறு ரகம். அதற்கு அரசாணைக் கோடு இல்லை. பேச்சிலும் சாப்பாட்டிலும் குலதெய்வத்திலும் உணரப்படுவது. அதன் கிழக்கெல்லை எங்கே என்று சேலத்தில் இருவரிடம் கேட்டால் மூன்று பதில் கிடைக்கும். மூன்றாவது ரகம், ஒரு மையத்தை நோக்கி ஆள்களும் சரக்கும் போய்வருவதால் உண்டாகும் வட்டாரம். கொங்கணாபுரத்தில் அதே சனிக்கிழமை பருத்தி ஏலமும் நடக்கிறது. சேலம் மாவட்டத்து ஊர் அது. ஏலம் நடத்துவது நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் திருச்செங்கோடு வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் கிளை. பி.டி. ரகம் தனியாக, டி.சி.எச். ரகம் தனியாக மூட்டைகள் லாட்டு லாட்டாக அடுக்கப்படும். வாங்க வருகிறவர்கள் ஈரோடு, கோவை, திருப்பூர் வியாபாரிகள். அவர்கள் சொல்லும் குவிண்டால் விலை, அன்று சாயங்காலத்துக்குள் கைப்பேசி வழியாக மாவட்ட எல்லை தாண்டி மேட்டாங்காடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.